கீழே இருக்கிற சொல்லை அழுத்துங்க

பிப்ரவரி 27

சின்னவனுக்கு,

போன் செய்யாமல் எழுதுகிறேன். போனில் நீ "அக்கா" என்று ஒரு இழுப்பு இழுத்தால் போதும், என் கோபம் பாதி வடிந்துவிடும். இந்தக் கோபம் வடியக் கூடாது. நீயும் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

ஏழாம் நாற்காலி டெய்லர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார். நம் வலைப்பூவில் அவரைப் பற்றி நான் எழுதியிருக்கிறேன், உனக்கு நினைவிருக்கும். நான் ஊசி போடும்போதெல்லாம் "சிஸ்டர், உங்க தையல் கோணலா போகுது" என்று சொல்லிச் சிரிப்பாரே, அவர்தான். வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம், மூன்று வருடமாக டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை. இரண்டு வாரப் பயிற்சிக்காக நான் வேறு ஊர் மருத்துவமனைக்குப் போயிருந்த நேரத்தில், வார்டுக்கு அவர் வீட்டிலிருந்து போன் வந்திருக்கிறது. "ஊருக்குப் போறோம், அங்கயே பாத்துக்கறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். எந்த ஊருக்கும் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு ஏதோ ஒரு பொடியைத் தின்றிருக்கிறார். ஐந்து டயாலிசிஸ் போச்சு. நுரையீரல் முழுக்க நீர் ஏறி, மூச்சு விட முடியாமல், போன புதன்கிழமை தூக்கிக்கொண்டு வந்தார்கள். நேற்று நான் பணிக்குத் திரும்பியபோது அவர் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன கேட்டார் தெரியுமா? "நீங்க எழுதினதைப் படிச்சுட்டுத்தானே சிஸ்டர் நிறுத்தினாரு?"

நானா எழுதினேன்? அவர் தன் போனை எடுத்துக் காட்டினார். "டயாலிசிஸை நிறுத்தலாமா?" என்று போன வருடம் நான் எழுதிய பதிவு. நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் என்ன ஆகும் என்று பக்கம் பக்கமாக எழுதியது. அதன் அடியில் நீ ஒன்பது சொற்களை ஒட்டி வைத்திருக்கிறாய். அதில் ஒன்று "டயலிசிஸ் நிறுத்தம்". அதை அழுத்தினேன். "ஐந்தே நாளில் டயலிசிஸை நிறுத்தினேன்!" என்று ஒரு மீசைக்காரர் படத்தோடு சிரிக்கிறார். கீழே இன்னொருவர். அதன் கீழே இன்னொருவர். பொடி, எண்ணெய், வேர். என் எழுத்து இருபது பேருக்குக் கீழே போய்த்தான் வந்தது.

என் வீட்டுக் கதவைத் திறந்தால் இவர்கள் எப்படி நிற்கிறார்கள், சின்னவனே?

இதில் பெரிய கொடுமை எது தெரியுமா? அந்தக் கதவைத் திறக்கச் சொன்னதே நான்தான். என் போன் எண்ணை நோயாளிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது வார்டு விதி. அதற்காகத்தானே இந்த வலைப்பூவே. ஒவ்வொருவரிடமும் ஊசியைக் குத்திக்கொண்டே பாடமாகச் சொல்லியிருக்கிறேன்: "வெளியில யார்கிட்டயும் கேக்காதீங்க. என் பதிவுல கீழே இருக்கிற சொல்லை அழுத்துங்க. அதைப் பத்தி நான் எழுதினது எல்லாம் வரும்." எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவன் நீ.

அவர் மேலும் எனக்குக் கோபம்தான். மூன்று வருடப் பழக்கம். ஒரு வார்த்தை யாரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா?

என்ன நடந்தது என்று எழுது. சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

டெய்லர் விஷயம் கேட்டு எனக்கும் மனசு சரியில்லை. ஆனால் நீ எழுதியிருப்பதைப் படித்தால் அந்தப் பொடியை நானே அவர் வாயில் போட்டது போல இருக்கிறது.

பொறுமையாகக் கேள். பதிவின் அடியில் இரண்டு விதமான சொற்கள் இருக்கின்றன. ஒன்று வகை. "தண்ணீர் அளவு", "ஊசி போட்ட கை" என்று நீயே பெயர் வைத்தாயே, அது. வகையை அழுத்தினால் நம் வலைப்பூவுக்குள்ளேயேதான் சுற்றும். இன்னொன்று குறிச்சொல். அதுவும் முன்பெல்லாம் நமக்குள்ளேயேதான் போய்க்கொண்டிருந்தது. நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தபோது அது சரிதான். நடுவில் தளத்துக்காரர்கள் மாற்றிவிட்டார்கள். இப்போது குறிச்சொல்லை அழுத்தினால் அவர்களுடைய பொதுப் பக்கம் திறக்கும். அந்தத் தளத்தில் யாரெல்லாம் அதே சொல்லை ஒட்டியிருக்கிறார்களோ எல்லாரும் அங்கே வருவார்கள், புதியவர் மேலே, பழையவர் கீழே. நம்முடையது இலவசக் கணக்கு. இடம் அவர்களுடையது, சட்டமும் அவர்களுடையது. நான் என்ன செய்ய முடியும்?

மறந்துவிட்டாய் போல. "ஒரு நாளைக்கு நாப்பது பேர்தான் படிக்கிறாங்க, அதுல பத்து பேர் நம்ம வார்டுதான்" என்று அழுதது யார்? நான் குறிச்சொல் ஒட்டிய பிறகுதான் அறுநூறு பேர் வருகிறார்கள். தெரியாத ஊரிலிருந்து ஒரு அம்மா எழுதினார்களே, உன் பதிவைப் படித்துத்தான் தன் மகனுக்குத் தண்ணீர் அளந்து கொடுப்பதாக. அவர் எந்த வழியாக வந்தார் என்று நினைக்கிறாய்? அதே குறிச்சொல் வழியாகத்தான்.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பொதுப் பக்கத்தில் ஒவ்வொரு பதிவின் தலையிலும் எழுதியவர் பெயர் இருக்கிறது. படிக்கத் தெரிந்த மனுஷன் யார் எழுதியது என்று நிமிர்ந்து பார்க்க வேண்டாமா?

தம்பி


மார்ச் 4

சின்னவனுக்கு,

படிக்கத் தெரிந்த மனுஷன். நல்லா கேட்டாய்.

அந்த மனுஷனுக்கு அறுபத்தொரு வயது. முப்பது வருடம் பட்டன் துளை தைத்த கண். சிறுநீரகம் போனதிலிருந்து அந்தக் கண்ணும் மங்கல். அவர் மனைவியின் போனில் அதே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எழுதியவர் பெயர் எறும்பு அளவு. தலைப்பு யானை அளவு. மேலே தளத்தின் நீலப் பட்டை, என் பதிவில் இருக்கிற அதே நீலம். எழுத்து வடிவமும் அதே. என் வீட்டை விட்டு வெளியே போகிறோம் என்று சொல்ல ஒரு வாசல்படிகூட இல்லை. பாவி மக்கள், அதைக் கவனமாக எடுத்துவிட்டார்கள். இதைப் பார்த்து "யார் எழுதியது என்று பார்க்க வேண்டாமா" என்று கேட்க உனக்கு எப்படி வாய் வந்தது?

தளத்துக்கும் எழுதினேன். என் நோயாளி ஒருவர் உயிருக்குப் போராடுகிறார், என் பதிவின் அடியிலிருந்து என் வாசகர்களை வெளியே இழுக்காதீர்கள் என்று. மறுநாளே பதில் வந்தது. "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். குறிச்சொற்கள் உங்கள் எழுத்தைப் புதிய வாசகர்களிடம் கொண்டு சேர்க்கின்றன. மேலும் குறிச்சொற்களைச் சேர்த்துப் பாருங்கள்!" ஆச்சரியக்குறி வேறு. யாரும் படித்துவிட்டு எழுதிய பதில் இல்லை அது. மேசை இருந்தால் குத்தியிருப்பேன். பேருந்தில் இருந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வார்டில் நடப்பதையும் கேள். சுவரில் நான் ஒட்டியிருந்த வலைப்பூ முகவரியைத் தலைமை நர்ஸ் கிழித்துவிட்டார். "நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க, ஆனா இனிமே வேண்டாம்" என்றார். இருபத்தாறு வருட வேலையில் எனக்கு யாரும் "வேண்டாம்" சொன்னதில்லை. மூன்றாம் நாற்காலி பூகோள வாத்தியாரைத் தெரியுமே, எதையும் இரண்டு தடவை கேட்பவர். இன்று அவர் எடையைக் குறித்துவிட்டு, இன்றைக்கு எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். என்னைத் தாண்டி இன்னொரு நர்ஸிடம், "இந்தம்மா சொல்றது சரிதானா?" என்று கேட்டார். என் எதிரிலேயே. கூசிப்போனேன்.

டெய்லருக்கு நினைவு வந்து வந்து போகிறது. நஞ்சு ஏறிய மூளை, ஏதேதோ உளறுகிறார். "கேட்டேன், பதில் வரலை, கேட்டேன், பதில் வரலை" என்று அதே பாட்டு. எந்த வாடிக்கையாளரிடம் என்ன கேட்டாரோ.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். "நடுவில் மாற்றிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறாய். எந்த நடுவில்? உனக்கு எப்போது தெரியும்? என் காதில் பூ சுற்றாதே. தேதி வேண்டும்.

வலைப்பூவை மொத்தமாக அழித்துவிடு. நூற்று எண்பத்தாறு பதிவும் போகட்டும்.

அக்கா


மார்ச் 5

அக்கா,

போன ஜூலை. எட்டு மாதமாகத் தெரியும்.

தம்பி


மார்ச் 6

எட்டு மாதம்.

அதற்குள் நீ இரண்டு தடவை என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.


மார்ச் 7

அக்காவுக்கு,

மழுப்பாமல் எழுதுகிறேன். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். உன் இரண்டு வரியை வாங்கி என் பெண்டாட்டியும் படித்தாள். "அக்காகிட்ட நீங்க முழுசா சொல்லலைன்னா நானே போன் பண்ணிடுவேன்" என்றாள். அவளுக்குப் பயந்து எழுதவில்லை. எனக்கே தாங்கவில்லை.

ஜூலையில் தளத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. "உங்கள் வாசகர் வட்டம் விரிகிறது" என்று தலைப்பு. குறிச்சொல் இனிமேல் பொதுப் பக்கத்துக்குப் போகும் என்று உள்ளே ஒரு ஓரத்தில் இருந்தது. படித்தேன். அந்த வாரமே, தினம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று காட்டும் வருகைக் கோடு செங்குத்தாக ஏறியது. அக்கா, கிடங்கில் பத்து மணி நேரம் பார்சல் பிரித்துவிட்டு வருகிற எனக்கு, அந்தக் கோட்டைப் பார்ப்பது எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. நீ எழுதுகிறாய், உன்னை எல்லாருக்கும் தெரியும். கோடு மட்டும்தான் என்னுடையது. அது ஏறினால் நான் ஏதோ செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

ஆள் எங்கே வெளியேறுகிறார்கள் என்றும் ஒரு பட்டியல் இருக்கிறது. வருகிறவர்களில் பத்துக்கு மூன்று பேர் அடியில் இருக்கும் சொல்லை அழுத்தி வெளியே போகிறார்கள் என்று தெரிந்தது. வருவது போவதை விட அதிகம்தானே என்று விட்டுவிட்டேன். உன் ஆட்களிடம் நீ அந்தச் சொல்லை அழுத்தச் சொல்லியிருக்கிறாய் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்பதும் மறந்துவிட்டது. உன்னிடம் சொன்னால் குறிச்சொல்லை எடு என்பாய், கோடு விழும். அதனால் சொல்லவில்லை. காரணம் அவ்வளவுதான்.

எழுத்துப் பிழையும் நான் வேண்டுமென்றே வைத்தது. "டயாலிசிஸ்", "டயாலிஸிஸ்", "டயலிசிஸ்" என்று ஜனங்கள் மூன்று விதமாகத் தேடுகிறார்கள். மூன்றையும் ஒட்டினால் மூன்று பக்கத்திலும் வருவோம் என்று ஒட்டினேன். நேற்று மூன்றையும் திறந்து பார்த்தேன். சரியான எழுத்தில் இருக்கும் பக்கத்தில் மருத்துவர்கள், மருத்துவமனைகள், உன்னைப் போல இரண்டு நர்ஸுகள். "டயலிசிஸ்" பக்கத்தில் பொடிக்காரர்களைத் தவிர ஒரு ஜீவனும் இல்லை. தெரியாதவர்கள் எப்படித் தேடுவார்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்தத் தெருவுக்கு உன் பதிவிலிருந்து வழி போட்டவன் நான்.

ஆனால் ஒன்று, அக்கா. அழிக்கச் சொல்கிறாய். என்ன வேண்டுமானாலும் திட்டு, அழிக்காதே. நாம் எடுத்துவிட்டால் அந்தச் சொல்லைத் தேடி வருகிறவனுக்கு மீசைக்காரர் மட்டும்தான் கிடைப்பார்.

தம்பி


மார்ச் 9

சின்னவனுக்கு,

உன் கிடங்கில் சீட்டு மாற்றி ஒட்டினால் பெட்டி நாலு நாள் கழித்துத் திரும்பி வந்துவிடும். உனக்கு அந்தப் பழக்கம். நான் பார்க்கிற வேலையில் எதுவும் திரும்பி வராது. உன் மாமா கொண்டு வந்து வைத்த காபி ஆறிக்கொண்டிருக்கிறது.

மன்னிக்கவில்லை. அது வேறு கணக்கு. இப்போது வேலையைப் பார்ப்போம்.

வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் தன் போனை எடுத்து, நாலு மணி நேரமும் அந்தப் பொதுப் பக்கத்தையே நோண்டிக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "உங்க மேலயும் தப்பு இருக்கு, கோவிச்சுக்காதீங்க" என்றார். பொதுப் பக்கத்தில் ஒரு பதிவின் தலைப்பும் முதல் இரண்டு வரியும்தான் தெரியும். என்னுடையது எப்படித் தெரிகிறது என்று படித்துக் காட்டினார்.

"டயாலிசிஸை நிறுத்தலாமா? என்று கேட்காத நோயாளி இல்லை. நிறுத்தினால் எவ்வளவு நிம்மதி! அந்த ஊசி இல்லை, அந்த நாற்காலி இல்லை..."

அதோடு நிற்கிறது. "ஆனால் பத்தே நாளில் மூச்சு நின்றுவிடும்" என்பது மூன்றாவது வரி. அழகாக ஆரம்பிக்கிறேன் பேர்வழி என்று நான் செய்த வேலை. அந்தத் தெருவில் என் கடையும் பொடிக்கடை மாதிரியேதான் இருந்திருக்கிறது.

அதனால் அழிக்க வேண்டாம். நான் சொல்கிறபடி செய். எல்லாப் பதிவிலிருந்தும் குறிச்சொற்களை எடு. சரியான எழுத்தில் உள்ள ஒன்றை மட்டும் வை. "குணம்", "அற்புதம்", "நிரந்தரத் தீர்வு" என்றெல்லாம் ஒட்டியிருக்கிறாய், அதைப் பார்த்ததும் உன்னைக் காதைப் பிடித்துத் திருகலாம் போல இருந்தது. நான் எங்கே அற்புதம் செய்தேன்? உப்பைக் குறை என்றுதானே எழுதினேன். அடுத்து, ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் நம் பதிவுகளின் பட்டியலை உன் கையாலேயே போடு, பெரிய எழுத்தில். அதற்குக் கீழே எழுது: "இதற்குக் கீழே உள்ள சொற்கள் வேறு ஆட்களிடம் போகும். அவர்களை எனக்குத் தெரியாது."

"டயலிசிஸ் நிறுத்தம்" என்ற அந்தப் பிழைச் சொல்லை மட்டும் ஒரே ஒரு பதிவில் விட்டு வை. அதே பதிவில். தலைப்பை மாற்றிவிட்டேன்: "டயாலிசிஸை நிறுத்தாதீர்கள்". முதல் வரி: "நிறுத்தினால் இறந்துவிடுவீர்கள்." நயமெல்லாம் போகட்டும். தேதியைப் புதிதாக்கி, வாரா வாரம் மேலே ஏற்று. அந்தத் தெருவில் நம் ஆள் ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

டெய்லரை நேற்று எங்கள் வார்டிலேயே ஒரு படுக்கைக்கு மாற்றினார்கள். பிழைத்துவிட்டார், ஆனால் பாதி ஆளாகிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மனைவி படுக்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்கிறார், "கேக்காம கொள்ளாம நிறுத்திட்டாரே, என்னைப் பத்தி நினைச்சாரா" என்று. நானும் சேர்ந்துகொண்டேன். அடக்க முடியவில்லை. "வார்டுல இத்தனை பேர் இருந்தோமே, ஒருத்தர்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? பெரிய மனுஷன் பண்ற வேலையா இது?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். எட்டு நாற்காலியும் திரும்பிப் பார்த்தது. அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வேலை முடிந்ததும் எழுது.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

மூன்று நாள் லீவு போட்டேன். நூற்று எண்பத்தாறு பதிவையும் ஒவ்வொன்றாகத் திறந்து, நீ சொன்ன எல்லாம் செய்துவிட்டேன். கோடு நேற்றே பாதியாக விழுந்துவிட்டது. பார்க்கவில்லை என்று சொன்னால் பொய், பார்த்தேன்.

இப்போது எழுதப்போவதை எழுத எனக்குக் கை வரவில்லை.

முதல் முறை கருத்து எழுதுகிறவர்களின் கருத்து உடனே வெளியாகாது, என் அனுமதிக்காக நிற்கும் என்று ஆரம்பத்திலேயே ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். நாற்பது பேர் வந்த காலத்தில் தினமும் பார்ப்பேன். அறுநூறு பேர் வர ஆரம்பித்ததும் விளம்பரக்காரர்களும் வந்தார்கள், வாரத்துக்கு முப்பது நாற்பது குப்பை. சலித்துப்போய் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். இன்று எல்லாவற்றையும் சுத்தம் செய்கிறேனே, இதையும் செய்துவிடலாம் என்று திறந்தேன். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் நின்றது. மொத்தமாக அழிக்கத்தான் போனேன். நடுவில் "சிஸ்டர்" என்று ஒன்று கண்ணில் பட்டது.

பிப்ரவரி 12, காலை 10.40. "நிறுத்தலாமா" பதிவின் கீழே. போனிடம் பேசி எழுத்தாக்கியது போல இருக்கிறது, ஒரு புள்ளிகூட இல்லை. அப்படியே தருகிறேன்:

"வணக்கம் சிஸ்டர் நான் ஏழாம் நாற்காலி டெய்லர் நீங்க சொன்ன மாதிரி கீழே இருக்கிற சொல்லை அழுத்தினேன் நிறுத்தலாம்னு வந்திருக்கு பொடி சாப்பிட்டா அஞ்சு நாள் போதும்னு இருக்கு ஆனா இந்தப் பக்கத்துல நிறுத்தாதீங்கன்னு எழுதியிருக்கீங்க ரெண்டுல எது நீங்க கடைசியா எழுதினது தேதி பாத்தா நிறுத்தலாம்ங்கறதுதான் புதுசா இருக்கு மனசு மாறிட்டீங்களா நீங்க வார்டுல இல்ல மத்தவங்ககிட்ட கேட்டா திட்டுவாங்க நாளைக்கு எனக்கு டயாலிசிஸ் போகணுமா வேண்டாமா ஒரு வரி பதில் போடுங்க காத்திருக்கேன்"

அக்கா, அவர் திரும்பி வந்திருக்கிறார். வெளியே போனவர் நம் பக்கத்துக்கே திரும்பி வந்து கேட்டிருக்கிறார். பெயரைப் பார்க்கவில்லையா என்று நான் எழுதினேன். அவர் தேதிவரைக்கும் பார்த்திருக்கிறார்.

அன்று சாயங்காலமே இன்னொன்று போட்டிருக்கிறார். "சிஸ்டர் பதில் வரலை".

பதிமூன்றாம் தேதியிலிருந்துதான் அவர் வரவில்லை என்று நீ எழுதிய கணக்கில் வருகிறது.

இதை என்ன செய்ய? வெளியிட்டால் ஊரே பார்க்கும். உன் வேலைக்கும் ஆபத்து வரலாம். அழித்துவிடட்டுமா? நீ என்ன சொன்னாலும் செய்கிறேன். நான் அழுதேன் என்று எழுதுவதற்குக்கூட வெட்கமாக இருக்கிறது.

தம்பி


மார்ச் 14

சின்னவனுக்கு,

இரண்டையும் பெரிய எழுத்தில் அச்செடுத்து எடுத்துக்கொண்டு போனேன். டெய்லருக்கு ஊசி போட்டு, இயந்திரத்தை ஓட்டிவிட்டு, எட்டு நாற்காலிக்கும் கேட்கும்படி நடுவில் நின்று படித்தேன். நான் திட்டியதை எல்லாரும் கேட்டார்கள் அல்லவா, இதையும் எல்லாரும் கேட்க வேண்டும். "மனசு மாறிட்டீங்களா" என்ற இடத்தில் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. மீதியை வாத்தியார் வாங்கிப் படித்தார். பூகோளம் நடத்துகிற குரலில், நிறுத்தி நிறுத்திப் படித்தார். பேனாவை எடுத்துப் புள்ளி வைக்கப் போனார், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

டெய்லரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். பதினேழு நாளாகத் திட்டிய வாய். "அப்பவே சொன்னாரே, கேட்டேன் கேட்டேன்னு சொன்னாரே, நான் நம்பலையே" என்று அழுதார். எனக்கும் அதேதான். உளறல் என்று உனக்கு எழுதினேன். அந்த வார்டிலேயே தெளிவாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். நீ எட்டு மாதம் மறைத்ததைச் சொன்னேன், உன்னையும் விட்டுவைக்கவில்லை. என் தலைப்பைச் சொன்னேன். இயந்திரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் பார்த்தால் சிரிப்பு மாதிரி ஏதோ வருகிறது முகத்தில். சிரிப்பும் இல்லை, கோபம்தான். பொறுமையான மனுஷனின் கோபம்.

"நான் அன்னிக்கு முழுக்க போனை மடியிலேயே வச்சிட்டு உக்காந்திருந்தேன் சிஸ்டர்" என்றார். "கடைக்கு வந்தவங்களுக்கு அளவுகூட எடுக்கலை. பதில் வந்தா சத்தம் வரும்னு சொன்னாங்க. சத்தம் வரலை. பதில் இல்லைன்னா போக வேண்டாம்னு அர்த்தம்னு நினைச்சுட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் விடவில்லை.

"அந்த ஆயிரத்து நூறுல இன்னும் எத்தனை பேர் கேட்டிருக்காங்கன்னு உங்க தம்பி பாத்தாரா?"

பார்த்தாயா? மொத்தமாக அழிக்கத்தான் போனேன் என்று எழுதியிருக்கிறாய். "சிஸ்டர்" என்ற ஒரு சொல் கண்ணில் பட்டதால் நின்றாய். அப்படிக் கூப்பிடத் தெரியாதவர்கள் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள்?

எதையும் அழிக்காதே. டெய்லரின் கேள்வியைத் தேதியோடு வெளியிடு. பதிலை உன் பெயரில் போடு, என் பெயரில் போடாதே. ஏன் இத்தனை நாள் ஆயிற்று என்பதையும் அங்கேயே எழுது. தலைமை நர்ஸிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். என் வேலையைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், அதைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டு இங்கே வா. உன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வா, அவளுக்குப் படிக்க நல்ல கண் இருக்கிறது. கோபம் இன்னும் வடியவில்லை, அது அப்படியே இருக்கட்டும், சோறு போடுவேன். மேசையில் நாலு பேரும் உட்காருவோம், உன் மாமாவும் வருகிறேன் என்கிறார். ஆயிரத்து நூறையும் ஒன்றுவிடாமல் படிக்கப்போகிறோம்.

கேட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் அதில் இருக்கிறார்கள்.

அக்கா